மாஷிக்குப் புரியாத மொழியில் நீ சொன்னது

மகனுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி, அதை அடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அன்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அதை முதல் வரியில் வைத்தால், அம்மா சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு மீதியை நீ வாசிக்காமல் விட்டுவிடுவாய். நான் சமாதானத்துக்கு வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம் கட்டிடத்து மொட்டை மாடியில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு செய்தி, அதுவும் இங்கிலீஷில். கட்டிடத்தில் இருக்கும் அத்தனை பேர் முன்னாலும் உன்னை மோசக்காரன் மாதிரி நிறுத்திவிட்டேனாம். ஆகையால் உன் கல்யாண விருந்தை இங்கே வைக்கப்போவதில்லையாம், கொல்கத்தாவின் அந்தக் கோடியில், நியூ டவுனில், ஒரு மண்டபம் பார்த்துவிட்டாயாம். நாலு வரியில் பெற்றவளை ஓரங்கட்டிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டாய். எனக்கு நாலு வரியில் கோபப்படத் தெரியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், தமிழில். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். நல்லதுதான். ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கும் பழக்கம் உன் தொழிலுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. மொட்டை மாடி வைத்திருக்கிற வேறு யார் கண்ணில் இது பட்டாலும் அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செல்போன் ஆன்டெனா வைப்பதற்காகக் கட்டிடங்களின் மொட்டை மாடியைப் பேசிக் குத்தகைக்கு எடுத்துக் கொடுப்பது உன் வேலை. அந்த வேலை எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. என் சமையலறையில் சிக்னல் கிடையாது என்பது உனக்கே தெரியும். உன்னோடு பேச வேண்டுமென்றால் பால்கனிக் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், எதிர்வீட்டுக்காரர்கள் நான் அவர்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டவர் வந்தால் புற்றுநோய் வரும் என்று இரண்டாம் மாடிக்காரர் கூட்டத்தில் கத்தினபோது நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியாத விஷயத்தில் நான் கத்துவதில்லை. வாடகை வந்தால் லிஃப்டைச் சரிபண்ணலாம் என்று சொசைட்டித் தலைவர், நீ சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடும் மலய் காக்கு ஆசைப்படுகிறார். என் முழங்காலும் அவர் பக்கம்தான். ஆகையால், அம்மாவுக்குப் புதுசு எதுவும் பிடிக்காது என்று உன் ஆபீஸில் சொல்லித் திரியாதே. ஆன்டெனாவோடு எனக்குச் சண்டை இல்லை. நீ அதைக் கொண்டுவந்த விதத்தோடுதான் சண்டை.

போன மாதம் வந்தபோது, என் மேசையில் உட்கார்ந்து புளிக்குழம்பைப் பிசைந்துகொண்டே உன் கம்பெனியின் சாமர்த்தியத்தைப் பெருமையாகச் சொன்னாய். “மொதல்ல சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க இருக்க பில்டிங்க எல்லாம் எழுதிக் குடுக்கச் சொல்லுவாங்கம்மா. அங்கதான் கதவு ஈஸியாத் தொறக்கும்” என்றாய், வழக்கம்போல வங்காளத்தில். நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு அப்பளம் வைத்தேன். மரமண்டை. நீ எழுதிக் கொடுத்ததில் முதல் பெயர் நம் கட்டிடத்துடையது என்று அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. அவர்கள் உன் படிப்புக்கு மட்டுமா சம்பளம் கொடுக்கிறார்கள்? நீ தவழ்ந்த நாளிலிருந்து ‘பாபு, பாபு’ என்று கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளிய எட்டு வீட்டு மனிதர்களின் நம்பிக்கையையும் அதே சம்பளத்தில் சேர்த்து வாங்கிவிட்டார்கள். அதை விற்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்கிறேன். எங்களில் ஒருவரையாவது கேட்டாயா?

அந்த எட்டு வீட்டில் ஷிப்ரா மாஷி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லப் போகிறேன், நீ மறந்துவிட்ட மாதிரி நடந்துகொண்டதால். நம் ஊரில் சித்தி என்போம், இங்கே மாஷி. மேல் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, புருஷனை இழந்து தனியாக இருக்கிறாள். நான் டல்ஹௌசியில் காப்பீட்டு ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் முழுக்க, பள்ளிக்கூடம் விட்டால் நீ நம் வீட்டுக்கு வந்ததில்லை. படியேறி அவள் வீட்டுக்குத்தான் போவாய். உனக்கு அம்மை போட்டபோது லீவு முடிந்து நான் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. வேப்பிலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு, நம் முறைப்படியே உன்னைப் பார்த்துக்கொண்டவள் அவள். லூச்சி என்றால் அவள் கையால் பொரித்தால்தான் உனக்கு லூச்சி. நான் பொரித்துக் கொடுத்தால், “இது பூரி” என்று தட்டைத் தள்ளி வைப்பாய். அந்த மாஷியின் வீட்டு மேல்தளம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒழுகுகிறது. கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக்கொண்டு, வாளிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறாள். விரிசல் விட்ட அந்தத் தளத்தின் தலையில்தான் உன் கம்பெனி இரும்புக் கம்பங்களையும் பேட்டரி அலமாரியையும் ஜெனரேட்டரையும் ஏற்றப் பார்க்கிறது.

நீ யாரிடம் முதலில் போனாய்? தலைவரிடம் போகவில்லை. சொசைட்டிச் செயலாளர் என்ற பெயரில் மொட்டை மாடிச் சாவியைச் சமையலறை ஆணியில் தொங்கவிட்டிருக்கும் உன் அம்மாவிடமும் வரவில்லை. நேராக மாஷியிடம் போனாய். கம்பெனியே தளத்தை ஒழுகாமல் பண்ணிக் கொடுத்துவிடும் என்று வாயால் சொன்னாய். அவள் அன்றைக்கே கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து என்னிடம் சொன்னாள். “நீ எதுக்கு இத்தன நாளா சொசைட்டிப் புஸ்தகத்துல எழுதிப் போட்டுட்டிருந்தே? பாபு ஒரே நாள்ல முடிச்சிட்டான் பாரு” என்று என்னைக் கேலி செய்தாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அடுப்பில் இருந்த காப்பியைப் பொங்கவிட்டேன்.

அந்த மொட்டை மாடியை உன் படிவத்தில் ஏதோ சதுர அடிக் கணக்காக எழுதியிருக்கிறாய். எழுதிக்கொள். உன் அப்பா போன பதினாறாம் நாள் சாப்பாடு அங்கேதான் போட்டோம். திருநெல்வேலியிலிருந்து ஹவுரா ரயில்வே ஆபீஸுக்கு வேலைக்கு வந்த குடும்பம் நம்முடையது. வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன, இங்கே நமக்கென்று வந்து நிற்கச் சொந்தம் அதிகம் இல்லை. லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. மலய் காக்கு பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். மாஷி கீழே உட்கார்ந்து வாழை இலை துடைத்தாள். மீன் இல்லாமல் ஒரு வேளை சோறு இறங்காத வீடுகள் இவை. நம் வீட்டில் காரியம் என்று அன்றைக்கு ஒரு வீட்டிலும் மீன் வாங்கவில்லை. யாரும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. நீ ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றாய், யார் வந்து உன்னைச் சாப்பிட உட்கார வைத்தார்கள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்குத்தான் நீ போன ஞாயிற்றுக்கிழமை பேனாவை நீட்டினாய்.

கூட்டத்துக்குச் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வந்தாய். டேப்லெட்டில் படம் காட்டினாய். வங்காளத்தில் நீ பேசும் அழகைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்து பேசினாய். கடைசியில் குத்தகைப் பத்திரம் என்று ஒரு தடித்த காகிதக் கட்டை மேசையில் வைத்து, “இது ஸ்டாண்டர்ட் டிராஃப்ட்தான், கொல்கத்தா முழுக்க இதேதான், எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க” என்றாய். மாஷி முதல் ஆளாகப் பேனாவை எடுத்தாள். வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்று மலய் காக்கு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். “நம்ம பாபு கொண்டுவந்த பேப்பர். அதப் படிச்சு வேற பாக்கணுமா?” என்று அவள் அவர் மேல் பாய்ந்தாள். நம் கட்டிடத்து வழக்கம் அதுதான். பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டால் அவன் கொடுக்கும் காகிதத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள், வாசித்தால் அவனை அவமானப்படுத்துவதாக நினைப்பார்கள். உன் கம்பெனிக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உன்னை அனுப்பியிருக்கிறது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதக் கட்டை என் பக்கம் இழுத்தேன்.

உன் முகம் அப்போதே மாறியது. ஆனாலும் வாசித்தேன். உன் கம்பெனிக்கு மாடி பிடிக்காவிட்டால் ஒரு மாத நோட்டீஸில் போய்விடலாம். எங்களுக்கு உன் கம்பெனி பிடிக்காவிட்டால் குத்தகை முடியும் வரை, அதாவது நான் இருக்கப்போகும் காலம் முழுக்க, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மாடிக் கதவின் சாவி அவர்களுக்கு. பகலோ ராத்திரியோ யாரிடமும் சொல்லாமல் ஏறலாம். வேறு கம்பெனிகளையும் கூட்டிக்கொண்டு வந்து அதே மாடியில் ஏற்றலாம், நாங்கள் யார் என்று கேட்கக்கூடாது. அதற்கு மேல் ஒன்று இருந்தது. மாடியில் எங்கேயும் பந்தலோ ஷாமியானாவோ தற்காலிகமாகக்கூடப் போடக்கூடாது, போடுவதானால் கம்பெனியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இதை நான் உரக்க வாசித்தேன். மலய் காக்கு, “அப்ப நம்ம பாபுவோட பௌ-பாத்துக்கு?” என்று கேட்டார். புது மருமகள் வந்து முதல்முறையாகத் தன் கையால் எல்லோருக்கும் சோறு பரிமாறும் விருந்து அது. நம் வழக்கத்தில் இல்லாவிட்டாலும் பெண் வங்காளப் பெண் என்பதால் மொட்டை மாடியில் வைப்பதாக இந்தக் கட்டிடமே சேர்ந்து தீர்மானித்திருந்தது. உன் விருந்துக்கு உன் கம்பெனியிடம் நீயே மனுப்போட வேண்டும் என்று ஆனதும் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நீகூட அதை வாசித்திருக்கவில்லை என்று உன் காது சிவந்ததிலேயே தெரிந்துவிட்டது. அதை மன்னித்துவிட்டேன். வாசிக்காதது சோம்பேறித்தனம்.

நான் பக்கத்தைத் திருப்பினேன். அதன் தலைப்பைப் பார்த்ததும் நீ எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்தாய். குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாய். “எம்மா, அந்த ஒழுகுற சமாச்சாரத்த மட்டும் இப்ப எடுக்காத. மாஷிக்குத் தெரிஞ்சா கையெழுத்துப் போட மாட்டாவ. நாம வீட்ல பேசிக்கிடுவோம்.” சுற்றிலும் அத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருவருக்கும் புரியாது என்ற தைரியத்தில் நீ குரலைக்கூட ரொம்பத் தாழ்த்தவில்லை. மாஷி உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அம்மாவும் பிள்ளையும் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று.

ஆக, இதை நீ வாசித்திருந்தாய். பந்தலைப் பற்றி வாசிக்காதவன், தளம் ஒழுகினால் அந்தச் செலவும் பொறுப்பும் கட்டிடத்துக்காரர்களைச் சேர்ந்தது, கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை என்ற இடத்தை மட்டும் நன்றாக வாசித்து வைத்திருந்தாய். வாசித்துவிட்டுத்தான் மாஷியின் வீட்டுக்குப் போய், கம்பெனியே பண்ணிக் கொடுக்கும் என்று சொல்லி அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தாய்.

நான் உனக்குத் தமிழில் பதில் சொல்லவில்லை. அந்தப் பத்தியை வங்காளத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி, வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். இதைத்தான் நீ ‘மோசக்காரன் மாதிரி நிறுத்தினது’ என்கிறாய். நான் உன்னை எங்கேயும் நிறுத்தவில்லை. நீ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இடத்தில் விளக்கைப் போட்டேன், அவ்வளவுதான். அதிலும் முழு விளக்கைப் போடவில்லை. மாஷி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்ன சொன்னாள் என்று உனக்கும் கேட்டிருக்கும். “ஐயோ, கம்பெனிக்காரங்க நம்ம பாபுவையே ஏமாத்திட்டாங்களே! பாவம், பிள்ளைக்கு எதையும் சொல்லாம அனுப்பியிருக்காங்க.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “கீ போல்லோ பாபு?” என்று கேட்டாள். உன் காதில் பாபு என்ன சொன்னான் என்று. அப்போது நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். “பசிக்குதாம்” என்று சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாய்.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். மாஷி நிற்கிறாள், மூச்சு வாங்க, கையில் தூக்குச்சட்டி. மேல் தட்டில் லூச்சி, கீழ்த் தட்டில் உருளைக்கிழங்கு தம். “பிள்ளை பசியோட போயிட்டான், எனக்கு ராத்திரி தூக்கமே வரல்ல. இன்னிக்கி ஆபீஸ் போற வழியில வருவானா? குடுத்துரு” என்றாள். அந்த முழங்காலோடு, அந்தப் படிகளில், பசிக்காத ஒருவனுக்காக. நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். உன் அப்பா போனபிறகு இப்படி அழுததில்லை. அப்புறம் அந்த லூச்சியை நானே உட்கார்ந்து தின்றேன், கொட்ட மனசு வரவில்லை.

இப்போது உன் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை தோறும் உன்னை இந்த மேசையில் உட்கார வைத்து ‘அ, ஆ’ சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? உனக்கு வெளியே வங்காளம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், கிரிக்கெட்டில் இந்தி. நான் தமிழில் கேட்டால் வங்காளத்தில் பதில் சொல்வாய். தமிழில் சொன்னால்தான் தோசை என்று மிரட்டினால், தோசை வேண்டாம் என்று மாடிக்கு ஓடிவிடுவாய். வளர்ந்தபிறகும் நான்தான் கெஞ்ச வேண்டும், “எய்யா, ஒரு வார்த்த நம்ம பாஷையில பேசேன்” என்று. நீயாக ஆசைப்பட்டு, யாரும் கேட்காமல், பிசிறு இல்லாத திருநெல்வேலித் தமிழில் முழு வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான். ‘மாட்டாவ’ என்று உன் அப்பா பேசுகிற மாதிரியே சொன்னாய். எனக்கு உடம்பு சிலிர்த்தது, அடுத்த நொடியே கூசியது. ஒரு விதவையை ஏமாற்றவா இந்த மொழியை இத்தனை தூரத்தில் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்? அதற்காகத்தான் என்றால் உனக்கு வங்காளமே போதும் என்று விட்டிருப்பேன்.

நீ சொல்வாய், தொழில் என்றால் இப்படித்தான், டார்கெட் இருக்கிறது, கல்யாணத்துக்கு முன் பிரமோஷன் வர வேண்டும் என்று. தொழில் எனக்கும் தெரியும். பாலிசியில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டி, ‘உங்களுக்குக் கிடையாது’ என்று சொல்கிற நாற்காலியில்தான் நான் உத்தியோகக் காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஹவுராவிலிருந்து ஒருவர் வந்தார், சின்னப் பட்டறை வைத்திருந்தவர். மழைவெள்ளம் புகுந்து சரக்கெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது. அவர் எடுத்திருந்த பாலிசியில் வெள்ளம் சேரவில்லை. மேலதிகாரி, ‘கடிதம் போட்டு அனுப்பிவிடு, நேரில் பேசாதே’ என்றார். நான் அவரை எதிரில் உட்கார வைத்து, அவருடைய மொழியில், எந்த வரியால் அவருக்குப் பணம் கிடைக்காது என்று சொன்னேன். அவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டட்டும். அவர் திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. நீயும் விலை பேசு, முரண்டு பிடி, எதிராளி எழுந்து போகிற மாதிரி பேசு, உன் கம்பெனிக்கு ஜெயித்துக் கொடு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு என்ன கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியக்கூடாது என்று நீயே ஏற்பாடு செய்துவிட்டு ஜெயித்தால் அதற்குப் பேரம் என்று பெயர் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கல்யாணம் நெருங்கிவிட்டதால். நீ கட்டிக்கொள்ளப்போகும் தியாவுக்குத் தமிழ் தெரியாது. கற்றுக்கொள்கிறேன் என்று ஆசையாகச் சொல்கிறாள், கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அதுவரை நம் வீட்டில் அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் தலைக்கு மேல் என்னோடு பேசிக்கொள்ள உனக்கு ஒரு வசதி இருக்கும். அவளைப் பற்றியே என்னிடம் குறை சொல்லலாம், அவள் சிரித்துக்கொண்டே நமக்குச் சோறு பரிமாறுவாள். அந்த வசதியை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாதே. பயன்படுத்தினால், போன ஞாயிற்றுக்கிழமை செய்ததையே செய்வேன், உடனே வங்காளத்தில் திருப்பிச் சொல்லிவிடுவேன். அவள் கேட்கும்போது ‘பசிக்குதாம்’ என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பொய் ஒன்றே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

விருந்தை நீ எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். நியூ டவுன் மண்டபத்தில் லிஃப்ட் ஓடும், ஏசி இருக்கும், எங்கள் முழங்கால்களுக்கு அது சௌகரியம்தான். ஆனால் அம்மா சண்டை போட்டாள், அதனால் மாற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்லாதே. எந்தப் படிக்கட்டில் யாரைச் சந்திக்க நேரும் என்று பயந்து மாற்றினாய் என்று உனக்கே தெரியும். மாஷி விருந்துக்குக் கட்ட எந்தச் சேலை என்று என்னிடம் தினமும் கேட்கிறாள். மண்டபம் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதையும் நான்தான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். யாரும் டவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்லோரும் உனக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு இரும்புத் துண்டு மேலே ஏறுவதற்கு முன்னால் மாஷியின் தளத்தை உன் கம்பெனி சரிபண்ண வேண்டும், பின்னால் ஒழுகினாலும் அவர்கள்தான் வந்து பார்க்க வேண்டும், அது வாய்ப்பேச்சாக இல்லாமல் காகிதத்தில் இருக்க வேண்டும். சாவி என் ஆணியில்தான் இருக்கும். வருகிறவர்கள் மணியடித்து வாங்கிக்கொள்ளட்டும். மாடியில் பாதி எங்களுக்கு, பந்தல் போட, துணி காயவைக்க, சும்மா நிற்க. அவர்கள் எங்களை விட்டுப் போகலாம் என்றால் நாங்களும் அவர்களைப் போகச் சொல்லலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டார்கள் என்று நீ சொல்வாய். கேட்டுப் பார்த்தாயா? எங்களிடம் பேசிய பேச்சில் பாதியை அவர்களிடம் பேசிப் பார். என் ஆட்கள் வாசித்துவிட்டார்கள் என்று சொல். மாட்டோம் என்றால் நாங்கள் லிஃப்ட் இல்லாமல் ஏறி இறங்கிக்கொள்கிறோம், இத்தனை காலம் ஏறவில்லையா.

மாஷியின் தூக்குச்சட்டி இன்னும் என் சமையலறை மேடையில்தான் இருக்கிறது, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். இந்தக் கட்டிடத்தில் யாரும் யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. அதில் எதையாவது போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று சர்க்கரைப் பொங்கல்கூடச் செய்து பார்த்தேன். படி ஏற முடியவில்லை, காரணம் முழங்கால் இல்லை. அது உனக்காக வந்த சட்டி. கூட்டத்துக்கு முன்னால் வந்து அதை நீயே எடுத்துக்கொண்டு மேலே போ. திருத்திய பக்கத்தைச் சுருட்டி அதற்குள் வைத்துக்கொண்டு போனால் ரொம்ப நல்லது. அது கிடைக்காவிட்டால், ஒன்றுமே இல்லாமல் போனாலும் பரவாயில்லை, ஆனால் போ. அவள் கதவைத் திறந்ததும் “பாபு, சாப்பிட்டியா?” என்றுதான் கேட்பாள். அதற்கு ஆமாம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே. ‘மாஷி, அன்றைக்கு எனக்குப் பசிக்கவில்லை’ என்று ஆரம்பி. வங்காளத்தில் சொல்.

அம்மா